அசையாதவர்கள் மட்டும்

“நகரவே இல்லக்கா! அதான் விஷயமே. அவ்ளோ கூட்டத்துல அத்தனை பேரும் நகந்தாங்க, இந்த ஆள் மட்டும் நகரல.”

“நகரலன்னா என்னடா இப்போ? கால் வலிச்சிருக்கும், நின்னிருப்பாரு. நீ ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கிறதுக்காக ஊர்ல யாருமே நிக்கக் கூடாதா?”

“ரெண்டு நிமிஷம்க்கா. முழுசா ரெண்டு நிமிஷம். ஒரு இழைகூட அசையாம.”

அக்கா கேமராவின் சின்னத் திரையை எட்டிப் பார்த்தாள், கண்ணைச் சுருக்கினாள், பிறகு ஈரத் துண்டை எடுத்துக்கொண்டு மகளின் வாயைத் துடைக்கப் போய்விட்டாள். அவளுக்கு அந்தப் படத்தில் ஒரு குதிரை ராட்டினம் தெரிந்தது, பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது, அவ்வளவுதான். அவனுக்குத் தெரிந்தது வேறு.

வீட்டில் அவனுக்குத் தவளை என்று பெயர். சாப்பிடும்போது கால் ஆடும், பேசும்போது கை ஆடும், தூங்கும்போதுகூடப் போர்வையின் ஒரு மூலை தனியாக நடந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்டவனைப் பிடித்த பைத்தியம் போட்டோ. இந்தத் தீம் பார்க் பயணம் முடிவானதிலிருந்து அவன் தலைக்குள் ஒரே ஒரு படம்தான் சுற்றிக்கொண்டிருந்தது: ஆயிரக்கணக்கான பேர் முட்டிமோதுகிற பட்டப்பகலில், ஆளே இல்லாத பார்க். நடுவில் அக்கா, அத்தான், அவர்கள் மகள் பட்டாணி, கூடவே அவன். நாலே பேர். அத்தான் கப்பலில் இன்ஜினியர். அடுத்த வாரம் கிளம்பினால் திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அவர் அறையில் ஒட்டிக்கொள்ள அந்தப் படம்.

வித்தை ஒன்றும் பெரிதில்லை. லென்ஸுக்கு முன்னால் கன்னங்கரேல் என்று ஒரு கண்ணாடியைத் திருகி மாட்டவேண்டும். என்டி ஃபில்டர் என்பார்கள். அத்தான் அதற்கு ‘கேமரா கூலிங் கிளாஸ்’ என்று பெயர் வைத்திருந்தார். வெயில் உள்ளே வர அது விடாது. ஆகவே வெளிச்சத்தை உணர்கிற ஐஎஸ்ஓவை அடிமட்டத்துக்கு இறக்கி, வெளிச்சம் நுழைகிற துளையான அப்பர்ச்சரைச் சுருக்கி, கேமராவை ட்ரைபாடில் இறுக்கி உட்காரவைத்து, ஷட்டரை இரண்டு நிமிடம் திறந்தே வைத்திருக்கலாம். அந்த இரண்டு நிமிடத்தில் யார் யார் நடக்கிறார்களோ, ஓடுகிறார்களோ, பலூனைத் துரத்துகிறார்களோ, அவர்கள் யாருமே படத்தில் விழமாட்டார்கள். ஒரு இடத்தில் தங்காதவர்களுக்குக் கேமராவிடம் ஞாபகமே கிடையாது. சுவர் விழும். விளக்குக் கம்பம் விழும். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள்கூடத் தலையைச் சொறிவதிலும் கழுத்தைத் திருப்புவதிலும் பாதி கரைந்து, புகை மாதிரிதான் வருவார்கள்.

குதிரை ராட்டினப் படம் அப்படித்தான் வந்திருந்தது. அவ்வளவு பெரிய திடல் துடைத்து விட்டதுபோல் காலி. சுற்றிக்கொண்டிருந்த குதிரைகள் ஒரு வெள்ளை வளையமாக உருகியிருந்தன. அந்த வளையத்துக்குப் பக்கத்தில், இரும்புத் தடுப்பையொட்டி, நெடுநெடுவென்று ஓர் உருவம்.

அவன் படத்தைப் பெரிதாக்கினான். சாம்பல் நிற உடையின் மடிப்பு தெரிந்தது. தொங்கவிட்ட கைகளில் விரல் விரலாகத் தெரிந்தது. தரைக் கற்களில் விழுந்த நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தது. முகம் மட்டும் இல்லை. கழுத்துக்கு மேலே ஒரு கலங்கல், ஈரச் சாயத்தை விரலால் இழுத்துவிட்ட மாதிரி. உடம்பைக் கல்லாக வைத்துக்கொண்டு, தலையை மட்டும் இரண்டு நிமிடமும் விடாமல், வேகவேகமாக ஆட்டிக்கொண்டிருந்தால்தான் படம் அப்படி வரும்.

நிமிர்ந்து அந்த இடத்தைப் பார்த்தான். தடுப்பையொட்டித் தள்ளுவண்டிகளும் குழந்தைகளும் இடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். கால் வைக்க இடமில்லை. அங்கே ஒருவர் இரண்டு நிமிடம் நின்றிருந்தால் பத்துப் பேராவது முட்டியிருப்பார்கள்.

“சிலை வேஷம் போட்டு நிப்பாங்களே, அந்த மாதிரி ஆளா இருக்கும் மாப்ள,” என்றார் அத்தான். பட்டாணியின் பஞ்சு மிட்டாயில் ஒரு பிடி திருடி வாயில் போட்டுக்கொண்டார். “உடம்பெல்லாம் வெள்ளிப் பெயின்ட் அடிச்சுட்டு.”

“தலைய ஆட்டிட்டே நிக்கிற சிலை எங்க அத்தான் இருக்கு?”

“புது ஆளா இருப்பான். இன்னும் பழகல.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவனும் சிரித்தான். ஆனால் ‘இன்னும் பழகல’ என்ற அந்த இரண்டு வார்த்தை, செருப்புக்குள் புகுந்த சிறு கல் மாதிரி, அதற்கப்புறம் அவனோடேயே நடந்து வந்தது.

மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் சவாரிக்குப் போனார்கள். உச்சியிலிருந்து மரப்படகு சறுக்கி விழும் இடத்தில் எல்லோருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் மழைக்கோட்டு கொடுத்தார்கள். பட்டாணிக்கு மஞ்சள் நிறம் கிடைத்தது. சவாரி முடிந்தும் கழற்ற மாட்டேன் என்றாள். தொப்பியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, முணுமுணுவென்று ஏதோ பாடிக்கொண்டு, ஒட்டிப் பிசுபிசுத்த கையோடு எல்லோர் சட்டையையும் பிடித்துப் பிடித்து இழுத்தாள். முன்பல் போன வாரம்தான் விழுந்திருந்தது. அந்தச் சந்தில் நாக்கை நீட்டி நீட்டிக் காட்டுவது அவளுக்கு இப்போது தலையாய வேலை.

“மாமா, சிவப்பு லைட்டு காட்டு.”

ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுக்கக் கேமராவின் நெற்றியில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கும். பட்டாணிக்கு அது உயிர். காலையிலிருந்து அவன் ட்ரைபாடை விரிக்கும்போதெல்லாம் லென்ஸுக்கு முன்னால் வந்து குந்திக்கொண்டு அதையே பார்ப்பாள். தூக்கி ஓரமாக விட்டால் மறுபடி வந்து நிற்பாள்.

“இப்ப நீ அங்க போய் நிக்கணும் பட்டாணி. சாயங்காலம் எல்லாரும் சேர்ந்து எடுக்கப்போறோம்ல, அதுக்கு ஒத்திகை. ஆடக் கூடாது, அசையக் கூடாது, யாரு கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. சரியா?”

“நீ கூப்பிட்டா?”

“நான் கூப்பிட்டாலும்.”

“பேய் கூப்பிட்டா?”

“அதுக்கும் சேத்துத்தான்.”

நின்றாள். கொஞ்ச நேரம் உண்மையிலேயே நின்றாள். பிறகு மூக்கு அரித்தது, ஒரு கால் வலித்தது, தண்ணீர் ‘சளார்’ என்று விழுந்தபோது உடம்பே குலுங்கிச் சிரித்தது. ஷட்டர் மூடியது.

இதற்கப்புறம் ஒரு காத்திருப்பு உண்டு. இவ்வளவு நேரம் திறந்திருந்த படத்தில் புள்ளி புள்ளியாகக் குப்பை விழுந்திருக்கும். அதைக் கழிப்பதற்காகக் கேமரா கண்ணை மூடிக்கொண்டு, அதே அளவு நேரத்துக்கு, வெறும் இருட்டை இன்னொரு படமாக எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். அவன் காலை ஆட்டிக்கொண்டு காத்திருந்தான். தண்ணீரின் குளோரின் வாடை, நனைந்த மரத்தின் வாடை, எங்கோ ஸ்பீக்கரில் முடிந்து முடிந்து மறுபடி தொடங்குகிற ஒரே பாட்டு.

படம் வந்தது.

பட்டாணி மஞ்சள் புகையாக விழுந்திருந்தாள். எதிர்பார்த்ததுதான். அவளுக்குப் பின்னால் அந்த உருவம் நின்றது. தெளிவாக.

முதல் படத்தில் அது திடலின் அந்தப் பக்கம் இருந்தது. இதில் பட்டாணியின் முதுகுக்குப் பின்னால், கையை நீட்டினால் தொடுகிற தூரம். ஆனால் படத்தில் அளவு மட்டும் கூடவில்லை. இரண்டுக்கும் ஒரே லென்ஸ்தான் மாட்டியிருந்தான். பக்கத்தில் வந்தால் பெரிதாகத் தெரியவேண்டும். இது பக்கத்திலும் வந்திருக்கிறது, அதே அளவிலும் இருக்கிறது. அப்படியென்றால் அது சிறுத்திருக்கிறது. ராட்டினத்தருகே நெடுநெடுவென்று நின்றது, இப்போது பட்டாணியின் தலைக்கு மேல் ஒரு சாண்கூட உயரமில்லை.

முகத்தில் கலங்கல் குறைந்திருந்தது. கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு நிழல் இறங்கத் தொடங்கியிருந்தது.

பழகிக்கொண்டிருக்கிறது.

“வந்துச்சாடா?” என்றாள் அக்கா.

“பட்டாணி ஆடிட்டாக்கா,” என்று சொல்லித் திரையை அணைத்தான். காட்டவில்லை. ஏன் காட்டவில்லை என்று கேட்டால், காட்டினால் சாயங்காலப் படம் நின்றுபோகும். அந்த நேரத்திலும் அவனுக்கு அந்தப் படம் வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் அவன் ட்ரைபாடை விரிக்கவில்லை. ஷட்டர் வேகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, சும்மா கண்ணில் பட்டதையெல்லாம் படபடவென்று எடுத்துத் தள்ளினான். அந்தப் படங்களில் கூட்டம் கூட்டமாகத்தான் இருந்தது. சாம்பல் உடுப்புக்காரர் யாரும் இல்லை. கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனால் கேமராவுக்குப் பின்னாலிருந்து பார்த்தே பழகிய கண், ஒன்றைப் பிடித்துவிட்டால் விடாது. இப்போது வேறொன்றைப் பிடித்திருந்தது.

பலூன் விற்கிறவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறிச் சாய்ந்துகொண்டே இருந்தார். குப்பை அள்ளுகிற அம்மா, அள்ளக் குப்பை இல்லாதபோதும் துடைப்பத்தை ஆட்டிக்கொண்டே நின்றார். சவாரி வாசலில் சீட்டைக் கிழிக்கிறவர், கிழிக்க யாரும் இல்லாத இடைவெளியில், கழுத்தை மெதுவாக இடமும் வலமும் அசைத்துக்கொண்டிருந்தார். பார்க்கின் சட்டை போட்ட ஒரு ஆள்கூட, ஒரே ஒரு ஆள்கூட, சும்மா நிற்கவில்லை.

கோட்டை வாசலில் பார்க்கின் போட்டோக்காரர் குடும்பங்களை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். வெயிலிலும் ஃபிளாஷ் பளீர் பளீர் என்று வெட்டியது. “கைய ஆட்டுங்க! ஆட்டுங்க, ஆட்டுங்க! குதிங்க! அம்மா, நீங்களும்தான், குதிங்க!” காலையில் இதைப் பார்த்து அவன் மனசுக்குள் கிண்டலடித்திருந்தான். இப்போது பக்கத்தில் போய் நின்றான்.

“அண்ணே, யாரையுமே அசையாம நிக்கச் சொல்ல மாட்டீங்களா?”

போட்டோக்காரர் அவன் தோளில் தொங்கிய ட்ரைபாடைப் பார்த்தார். முட்டியை மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்தி, தாளம் போடுவதுபோல் ஆடிக்கொண்டே பார்த்தார்.

“இங்க வேல பாக்குறவங்களுக்கு அது பழக்கம் தம்பி.”

“எது?”

“ஆடுறது.” அடுத்த குடும்பத்தின் பக்கம் திரும்பிவிட்டார். “வாங்க வாங்க! கைய ஆட்டுங்க!”

பொழுது சாய்ந்தது. மேகத்துக்குக் கீழே ஆரஞ்சு நிறம் கசிந்தது. கோட்டையின் கோபுரங்களில் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறின. எந்தப் போட்டோப் பைத்தியமும் நாள் முழுக்கக் காத்துக் கிடக்கிற வெளிச்சம். அவன் மட்டும் ட்ரைபாடைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

“என்ன தவளை, விரி உன் மூணு காலை,” என்றாள் அக்கா.

“சட்டுனு ஒண்ணு எடுத்துருவோம்க்கா. சாதா படம். வெளிச்சம் போகுது.”

“அடப்பாவி. காலையிலேர்ந்து உன் மூட்டைய நான்ல சுமக்கிறேன்? சாதா படம்னா போன்லயே எடுத்திருப்பேனே. பின்னாடி பாரு, திருவிழாக் கூட்டம். ‘யாருமே இல்லாம எடுக்கிறேன், எடுக்கிறேன்’னு ஒரு மாசமா காதுல ரத்தம் வர்ற வரைக்கும் சொன்னியே?”

“ரெண்டு நிமிஷம் சும்மா நிக்கணுமேன்னு பயப்படுறான்,” என்றார் அத்தான். “மாப்ள, நீ ரெண்டு நிமிஷம் ஆடாம நின்னா நான் கப்பல் வேலைய விட்டுட்டு இங்க ராட்டினம் சுத்துறேன்.”

“நிப்பேன்.”

“எங்க, நில்லு பாப்போம்.”

ரோஷம் வந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் அவ்வளவுதான் காரணம். கொஞ்சம் ரோஷம். கொஞ்சம் வெளிச்சம்.

ட்ரைபாடை விரித்தான். கோட்டைக்கு முன்னால் மூன்று பேரையும் நிறுத்தி, ஃபோகஸ் பிடித்து, அது நகராமல் பூட்டினான். கறுப்புக் கண்ணாடியை மாட்டுவதற்கு முன்னாலேயே இதையெல்லாம் செய்துகொள்ளவேண்டும். மாட்டிவிட்டால் அவனுடைய பழைய கேமராவில் கண் வைத்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. அதற்கப்புறம் எதிரே யார் நிற்கிறார்கள், யார் போகிறார்கள் என்பதெல்லாம் நம்பிக்கைதான். மாட்டினான். திருகினான். ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, லென்ஸைப் பார்த்தபடியே பின்வாங்கிப் பின்வாங்கி அவர்களோடு போய் நின்றான்.

“எல்லாரும் லென்ஸைப் பாருங்க. யாரும் திரும்பாதீங்க. பட்டாணி, கையக் குடு.”

பார்க்காமலே கையை நீட்டினான். ஒரு சின்னக் கை வந்து சேர்ந்துகொண்டது. ரிமோட்டை அழுத்தினான்.

சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது.

முதலில் கால் ஆட்டம் கேட்டது. முட்டிக்குள் எறும்பு ஊர்வதுபோல் ஒரு அரிப்பு ஏறி இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டான். எதிரே கூட்டம் ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சு மிட்டாயின் இனிப்பு வாடை, சூடான எண்ணெய் வாடை, ஈரப் பிளாஸ்டிக்கின் வாடை. ரோலர் கோஸ்டர் உச்சியிலிருந்து கவிழும்போது நூறு தொண்டைகள் ஒன்றாகக் கத்தி ஒன்றாக அடங்கின. பலூன்காரர் கூட்டத்துக்குள்ளிருந்து இவர்களைப் பார்த்தார். ஆடிக்கொண்டே பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடந்தார்.

கை ஆடவில்லை. பட்டாணியின் கை.

இவ்வளவு சமத்தாக நிற்கிறாளே என்று முதலில் சந்தோஷமாக இருந்தது. ஒத்திகையில் அவ்வளவு ஆடியவள். பாட்டு முணுமுணுப்புகூட இல்லை. மூச்சுச் சத்தம்கூட.

அப்புறம்தான் உறைத்தது. கை உலர்ந்திருந்தது. ஒட்டவில்லை. காலையிலிருந்து யார் துடைத்தும் பிசுபிசுப்புப் போகாத கை, இப்போது காகிதம் மாதிரி உலர்ந்து, கொஞ்சம் சில்லென்று இருந்தது. அக்கா துடைத்திருப்பாள். ஆமாம், அக்காதான் துடைத்திருப்பாள்.

“மாமா.”

பட்டாணியின் குரல். கையின் பக்கத்திலிருந்து வரவில்லை. எதிரேயிருந்து வந்தது. ட்ரைபாட் நின்ற இடத்திலிருந்து.

“மாமா, நான் இங்க இருக்கேன்.”

சிவப்பு விளக்கு மினுக்கியது. அதற்கு முன்னால் அவன் கண்ணுக்கு யாரும் இல்லை.

கத்தவேண்டும்போல் இருந்தது. வாயைத் திறந்தால் உதடு கலங்கும். பட்டாணி என் கையில் இருக்கிறாள், என்று தனக்குத்தானே சொன்னான். கை இருக்கிறது. கூப்பிடுகிறதுதான் அது. அந்தச் சாம்பல் உடுப்பு. யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. நான்தானே சொன்னேன்.

“மாமா! என்னைப் பாரு! மாமா, யாரு அது? யாரு அது உன் பக்கத்துல?”

அழுகை. அந்த அழுகையை அவனுக்குத் தெரியும். பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டதிலிருந்து தெரியும்.

குனிந்து பார்க்கலாம். தலையை ஒரு இம்மி சாய்த்தால் போதும். தவளை அல்லவா அவன். வாழ்நாள் முழுக்க ஆடியவன். ஒரே ஒரு தடவை, வழக்கம்போல் ஆடினால் போதும்.

இன்னும் கொஞ்ச நேரம்தான். படம் முடிந்துவிடும்.

நின்றான்.

“மாமா—”

கிளிக்.

விளக்கு அணைந்தது. குரலும் நின்றது. கத்தரித்ததுபோல்.

“அட!” என்று அத்தான் கைதட்டினார். “நின்னுட்டான்யா! பட்டாணியும் நின்னுட்டா! மாமனும் மருமகளும் என்னைய ராட்டினம் சுத்த வெச்சுட்டாங்க!”

“உனக்கு ஒண்ணும் கேக்கலயாக்கா?”

“என்ன கேக்கணும்? ஊரே கத்துது.” அக்கா கழுத்தைத் தேய்த்துக்கொண்டாள். “எங்க, காட்டு.”

பக்கத்தில் குனிந்து பார்த்தான். மஞ்சள் மழைக்கோட்டு. இழுத்துவிட்ட தொப்பி. தொப்பியின் நிழலுக்குள் அதே குட்டி மூக்கு, அதே முகவாய். அவள் இன்னும் லென்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். அசையவில்லை.

“முடிஞ்சிருச்சு பட்டாணி. ஆடலாம்.”

அவள் ஆடவில்லை. கையை மட்டும் விட்டாள். ஒவ்வொரு விரலாக.

ட்ரைபாடை நோக்கி ஓடினான். திரை கறுப்பு. கேமரா தன் இருட்டுப் படத்தை எடுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கறுப்பையே வெறித்தான். வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கத் தலையைத் திருப்பியபோதுதான் ஃபில்டர் கண்ணில் பட்டது. சற்றுமுன் அவன் ஊதித் துடைத்து மாட்டிய கறுப்புக் கண்ணாடி. அதன் மேல் இளஞ்சிவப்பாக, பிசுபிசுப்பாக, ஐந்து விரல் தடம். சின்ன விரல்கள்.

தொட்டுப் பார்த்தான். ஒட்டியது. பஞ்சு மிட்டாய் வாசம்.

படம் வந்தது.

ஆளே இல்லாத பார்க். ஆரஞ்சு வானம். காலியான கல் தரை. கோட்டையின் ஒவ்வொரு விளக்கும் நட்சத்திரமாக. அவன் மனசில் சுமந்துகொண்டிருந்த அதே படம், அச்சு அசலாக. அக்கா தெளிவு. அத்தான் தெளிவு. அவன், ஆச்சரியம், அத்தனை தெளிவு. அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது எல்லோரையும்விடத் தெளிவு. இமை முடி தெரிந்தது. மழைக்கோட்டின் தையல் தெரிந்தது. முகத்தில் துளிக் கலங்கல் இல்லை. இரண்டு நிமிடமும் இமைக்காதவர்களுக்குத்தான் கண் அப்படி விழும்.

படத்தின் கீழ் ஓரத்தில், லென்ஸுக்கு மிக அருகே, ஒரு மஞ்சள் புகை. மேலும் கீழும் குதித்த புகை. கையை ஆட்டி ஆட்டிக் கரைந்த புகை. அதற்குள் ஓரிடத்தில் மட்டும், ஒரு கணம் களைத்து நின்றிருப்பாள்போல, ஒரு முகம் மங்கலாகப் பிடித்திருந்தது. ஒரு கண். அழுது திறந்த வாய். முன்பல் இல்லாத சந்து.

“வந்துச்சா மாப்ள?” அத்தான் தூரத்திலிருந்து கேட்டார். “எனக்கு உடனே அனுப்பு. கேபின்ல கட்டிலுக்கு நேரா ஒட்டணும்.”

அவன் ட்ரைபாடைச் சுற்றிச் சுற்றி வந்தான். காற்றைத் துழாவினான். பட்டாணி என்றான். கூட்டம் அவனை விலகிப் போனது. கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை. சவாரிகளின் அலறல் மட்டும். ஷட்டர் மூடியிருக்கும்போது அங்கே ஒன்றுமே இல்லை.

திறந்திருந்தால்?

“மாமா.”

மஞ்சள் மழைக்கோட்டு அவன் முன்னால் நின்றது. நடந்து வந்ததை அவன் பார்க்கவில்லை. இங்கே நிற்பதை மட்டும்தான் பார்த்தான்.

“இன்னொண்ணு எடுக்கலாம் மாமா. இந்தத் தடவ அம்மாவ மட்டும்.”

அவனுக்கு மட்டும் தெரியும்படி, தொப்பிக்குள்ளிருந்து, அது சிரித்தது. முன்வரிசைப் பல் எல்லாம் இருந்தது. ஒன்று குறையாமல்.

“நல்ல ஐடியாடி செல்லம்!” அக்கா அதற்குள் கோட்டைக்கு முன்னால் போய்விட்டாள். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். தோளை நிமிர்த்தினாள். “எடுடா தவளை. வெளிச்சம் போறதுக்குள்ள. நான் ஆட மாட்டேன்.”

ஃபில்டரின் மேல் இளஞ்சிவப்பு விரல்கள் காய்ந்துகொண்டிருந்தன. கண்ணை வைத்துப் பார்த்தான். கறுப்பு. காதை வைத்துப் பார்த்தான். கேமராவுக்குள், எங்கோ மிக ஆழத்தில், யாரோ ஒரு பாட்டை முணுமுணுவென்று விக்கி விக்கிப் பாடுவதுபோல் இருந்தது.

ரிமோட் அவன் கட்டைவிரலுக்குக் கீழே. திறந்தால் பட்டாணி இரண்டு நிமிடத்துக்காவது வெளியே வருவாள், வந்து கூப்பிடுவாள், இந்தத் தடவை ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளலாம். திறந்தால் எதிரே அக்கா. அசையாமல், புன்னகையோடு, எதையும் திரும்பிப் பார்க்காமல். அவளுக்குப் பக்கத்தில், எப்போது போனது என்றே தெரியவில்லை, அது போய் நின்றுவிட்டது. அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டது. லென்ஸைப் பார்த்தது. இமைக்கவில்லை.

அவன் உடம்பில் எதுவும் ஆடவில்லை இப்போது. கட்டைவிரல் மட்டும் நடுங்கிக்கொண்டே இருக்கிறது.

நீங்கள் சொல்லுங்களேன், அவன் இடத்தில் நீங்கள் இருந்தால், அழுத்துவீர்களா?